கிருமி வளர்ப்போமா?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

ஆடு வளர்ப்பார் உண்டு. கோழி வளர்ப்பார் உண்டு. கிளி வளர்ப்பாரும் உண்டு. கிருமி வளர்ப்பார் உண்டோ என்று கேட்டால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் நம் தாய்மார்கள் நாள்தோறும் அதைத்தான் செய்துவருகிறார்கள். இரவில் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி மோரை உறை ஊற்றி மூடிவைக்கிறார்களே, அது வேறென்ன? காய்ச்சுவது பாலிலுள்ள வேண்டாத உயிர்களைக் கொல்வதற்கு. ஆறவிடுவது வேண்டிய உயிர்கள் சாகாதிருப்பதற்கு. உறை என்பது தெரிந்தெடுத்த விதை. மூடி என்பது காற்றிலிருந்து பிற விதைகள் விழாதிருப்பதற்கு. ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்ப்பதன் அடிப்படை முழுவதும் அந்தத் தயிர்ப் பாத்திரத்திலேயே அடங்கியிருக்கிறது.

வேறுபாடு ஒன்றே ஒன்று. தயிருக்கு இடும் விதை எது என்பதை நம் முன்னோர் பல தலைமுறையாகத் தின்று பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் விழும் விதை எது என்பது பல வேளைகளில் நமக்குத் தெரியாது. இக்கட்டுரையில் நான் சொல்லவந்தது இந்தத் ‘தெரியாமை’யைப் பற்றியே.

எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் எங்கள் துறை மாணவர்கள் அருகிலுள்ள ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று சில செய்முறைகள் காட்டிவருகிறோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடம் இருக்கிறது. புத்தகத்தில் படமும் இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவை ‘இதோ’ என்று ஒருவரும் அப்பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. காட்ட முடியுமா என்று அங்குள்ள அறிவியல் ஆசிரியை கேட்டார். துறையில் கூடிப் பேசியபோது இரு கட்சிகளாகப் பிரிந்தோம். ஒரு சாரார், “தட்டுகள் வாங்கிக்கொண்டு போவோம், கழிவறைக் கதவு, கைபேசி, மூக்கு, தொண்டை என்று எல்லாவற்றிலும் பஞ்சை ஒற்றித் தேய்ப்போம், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்” என்றனர். மறுசாரார், “எதற்கு வம்பு? படமே போதும்” என்றனர்.

எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. முதல் யோசனை ஆபத்து. இரண்டாவது யோசனை ஆபத்தில்லாததுபோல் தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நான் படித்ததும் அதைப் போன்ற ஒரு பள்ளியில்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் வகுப்பில் இருந்தவர்களுள் பலர் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டனர். பள்ளியில் காணாததைப் பிறகு காண்போம் என்று அவர்களிடம் சொல்லியிருக்க முடியாது. எனவே காட்டத்தான் வேண்டும். ஆனால் எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதில்தான் அறிவு வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. எசரிக்கியா கோலி என்னும் குடல்வாழ் பாக்டீரியம் தகுந்த உணவும் சூடும் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளக்கும். அப்படியானால் 10 மணி நேரத்தில் 30 முறை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பதாவது முறையில் 107 கோடியைத் தாண்டும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதை நமக்குத் தெரிந்ததே; இது அதே கதைதான். பாக்டீரியம் ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. எனவே கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் கோடிக்கணக்கில் குவிந்தால் குண்டூசித் தலையளவு புள்ளியாகத் தெரியும். இதைக் ‘காலனி’ என்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையிலோ கதவிலோ ஒன்றிரண்டாக இருக்கும்போது பெரும்பாலான கிருமிகள் நம்மை ஒன்றும் செய்வதில்லை. தோல் தடுக்கிறது, வயிற்றிலுள்ள அமிலம் கொல்கிறது, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அதே கிருமியைத் தட்டில் இட்டு, உணவு கொடுத்து, கோடியாக்கி, பின்பு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தால்? கதவில் இருந்தபோது அது கிருமி. தட்டில் இருக்கும்போது அது படை. “கழிவறையில் இருப்பதுதானே, தினமும் தொடுகிறோமே” என்று வாதிடும் நண்பர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

தட்டின் வரலாறு சுவையானது. சற்றே அதைப் பார்த்துவிட்டு வருவோம். ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் பாக்டீரியங்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பயன்படுத்தினார். பிறகு இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து உறையவைத்தார். ஜெலட்டினில் இரண்டு தொல்லைகள். கோடை வந்தால் உருகிவிடும். சில பாக்டீரியங்கள் அதையே தின்று நீராக்கிவிடும். 1881இல் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்ட்டர் ஹெஸ்ஸே என்பவர் இதனால் தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, “அகாரைப் போட்டுப் பாருங்கள்” என்றார். அவர் அடுப்படியில் பழக்கூழ் உறைவதற்கு அகார் சேர்ப்பது வழக்கம். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய குடும்பத்தார் வழியாக அவருக்கு அந்தப் பக்குவம் தெரிந்திருந்தது. அகார் ஏறத்தாழ 85 பாகை செண்டிகிரேடில்தான் உருகும். உருகியபின் 40 பாகைக்கும் கீழே வந்தால்தான் உறையும். பாக்டீரியங்களுள் மிகச் சிலவே அதைத் தின்ன வல்லவை. கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகார் வருகிறது. ஃபேனி அம்மையாரின் பெயர் வரவில்லை. 1887இல் கோக்கின் உதவியாளர் யூலியஸ் ரிச்சர்டு பெட்ரி, விளிம்பு கவிந்த மூடியுள்ள ஆழமற்ற கண்ணாடித் தட்டை அறிமுகம் செய்தார். தட்டுக்கு அவர் பெயர் நிலைத்தது. அகாருக்கு யார் பெயரும் நிலைக்கவில்லை.

அகார் எங்கோ கிடைக்கும் பொருள் அன்று. நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசியும், கடைகளில் ‘சைனா கிராஸ்’ என்று விற்பதும் இதுவே. இராமநாதபுரம் மாவட்டத்து மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தாவரவியல் மாணவர்கள் ஜெலிடியெல்லா, கிராசிலேரியா என்று நெட்டுருச் செய்யும் செம்பாசிகள் இவைதாம். ஆய்வுக்கூட அகார் லிட்டருக்கு 15 கிராம் போதும். கடைப்பாசி சற்றுக் கூடுதலாக வேண்டும். பள்ளிக்கு அதுவே போதுமானது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பள்ளியில் செய்யக்கூடிய சோதனைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. தெரிந்த விதையைத் தூவுவது ஒன்று; தெரியாத விதையைப் பிடிப்பது மற்றொன்று.

தெரிந்த விதையில் எளியது தயிர். கொழுப்பு நீக்கிய பால் சேர்த்த அகார்த் தட்டில், கம்பி வளையத்தால் தயிரைத் தொட்டுக் கோடிழுக்க வேண்டும். கோடிழுப்பதற்கு ஒரு முறை உண்டு. தட்டின் ஓரத்தில் சில கோடுகள்; வளையத்தைச் சுட்டு ஆறவிட்டு, அக்கோடுகளின் முனையைத் தொட்டு அடுத்த பக்கத்தில் சில கோடுகள்; மீண்டும் சுட்டு மூன்றாம் பக்கம்; இப்படியே நான்கு. விரலிடுக்கில் கோலப்பொடி தீரத் தீரக் கோடு மெலிந்து புள்ளி புள்ளியாக விழுவதில்லையா? அதைப் போலவே கடைசிக் கோட்டில் பாக்டீரியங்கள் ஒவ்வொன்றாகத் தனித்து விழும். ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக வளரும்.

எனக்கு இதைவிடவும் பிடித்தது வேர்முண்டு. நடவுக்கு முன் உழுது மடக்க வளர்க்கும் தக்கைப்பூண்டைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் சிறு முண்டுகள் தெரியும். ஒன்றை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளால் வந்த நிறம் அது. உள்ளே வாழும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகிறது. 1888இல் டச்சு அறிஞர் பெயரிங்க் இதைத் தனியே பிரித்து வளர்த்தார். மேனிட்டாலும் ஈஸ்ட் சாறும் சேர்த்த அகாரில் இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக, வழவழப்பாக, பனித்துளிபோல வளரும். நிலக்கடலை முண்டிலும் எடுக்கலாம். ஆனால் அதில் வாழ்வது மெல்ல வளரும் இனம், ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். வேளாண் விரிவாக்க மையத்தில் உயிர் உரப் பொட்டலம் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பொட்டலத்துள் இருப்பது என்ன என்பதும் இதனால் விளங்கும். மனிதனுக்கு இதனால் நோயில்லை. எச்சரிக்கை ஒன்று: முண்டின் மேற்புறத்தைத் தூய்மை செய்யப் பழைய செய்முறைக் குறிப்பேடுகள் மெர்க்குரிக் குளோரைடைச் சொல்லும். அது கொடிய நஞ்சு. பள்ளிக்குள் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். குளோரின் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, கொதித்தாறிய நீரில் பலமுறை அலசினால் போதும்.

பெயர் தெரிந்த பிற பாக்டீரியங்கள் வேண்டுமானால் சண்டிகரில் 1986இல் தொடங்கிய நுண்ணுயிர் வளர்ப்புச் சேமிப்பகத்திலிருந்து கல்லூரி மூலமாக வரவழைக்கலாம். ஆனால் ‘தீங்கற்றது’ என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. செராஷியா மார்செசென்ஸ் என்றொரு பாக்டீரியம் உண்டு. இரத்தச் சிவப்பாக வளரும், பார்க்க அழகு. நெடுங்காலம் தீங்கற்றது எனக் கருதப்பட்டு, எளிதில் அடையாளம் தெரிவதால் மாணவர் சோதனைகளில் தாராளமாகப் பயன்பட்டது. 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை, கிருமிப்போர் ஒத்திகையாக, சான் பிரான்சிஸ்கோ நகரத்தின்மீது கப்பலிலிருந்து இதைத் தெளித்தது. அதையடுத்து அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேர் இக்கிருமியால் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். தெளித்ததுதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் உடல் நலிந்தோரை இக்கிருமி தாக்கும் என்பது இன்று ஐயமற்றது. இன்று நாம் தீங்கற்றது என்பது, இன்றுவரை அறிந்த அளவில் தீங்கற்றது என்பதே.

தெரியாத விதையைப் பிடிக்கும் சோதனைக்கு வருவோம். பிள்ளைகளுக்கு உண்மையில் வியப்பூட்டுவது இதுதான். அதனால் இதை விலக்கச் சொல்ல மாட்டேன். கழுவாத விரலை ஒரு தட்டிலும், சோப்பிட்டுக் கழுவிய விரலை மற்றொரு தட்டிலும் ஒற்றச் செய்யலாம். தட்டொன்றைத் திறந்து வகுப்பறையில் பத்து நிமிடம் வைக்கலாம். ஆனால் மூக்கு, தொண்டை, புண், கழிவறை, சாக்கடை, இறைச்சி ஆகியவற்றிலிருந்து எடுக்கக் கூடாது. இரத்தம் கலந்த அகார் கூடவே கூடாது. அது நோய்க்கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும். வைக்கோலைக் கொதிக்கவைத்து அந்த நீரில் வளர்ப்பவற்றைப் பார்க்கும் பழைய சோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கொதிநீரில் பிழைப்பவை வித்துருவில் உறங்கும் பாக்டீரியங்கள். அவற்றுள் ஆளில்லாத அப்பாவிகளும் உண்டு, பழஞ்சோற்றைக் கெடுத்து வாந்தி உண்டாக்கும் பாசில்லஸ் சீரியஸும் உண்டு. தட்டைப் பார்த்து எது எதுவென்று சொல்ல எங்களாலும் முடியாது.

ஆகவே தெரியாத விதை விழுந்த தட்டுக்கு ஒரே விதி: மூடியபின் மூடியதுதான். நான்கு இடங்களில் ஒட்டுநாடாவால் மூடியைத் தட்டோடு ஒட்டிவிட வேண்டும். சுற்றிலும் முழுமையாக ஒட்டிவிடலாமே என்று தோன்றும்; அது தவறு. காற்று அறவே புகாத தட்டில், காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கு வசதியாகிவிடும். அவற்றுள் கொடியவை பல. பெயரும் தேதியும் தட்டின் அடிப்பக்கத்தில் எழுத வேண்டும். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது பெயரும் மாறிவிடும். தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் வேர்க்கும் நீர் சொட்டிப் புள்ளிகளைக் கலைத்துவிடும். பிறகு பார்ப்பது, எண்ணுவது, படம் வரைவது எல்லாம் மூடியின் வழியாகவே.

வெப்பநிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் நாம் வழுக்கி விழும் இடம் இது. மனிதனைத் தாக்கும் கிருமிகள் மனித உடலின் சூடான 37 பாகையில் செழிக்கும். அதனால் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் 37 பாகையில் வைப்பார்கள், பள்ளியில் வைக்கலாகாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 பாகையை ஒட்டி வைப்பது வழக்கம். சில புத்தகங்கள், “அறை வெப்பத்தில் வைத்தால் போதும், ஆபத்தில்லை” என்று எளிதாகச் சொல்லிவிடும். யாருடைய அறை? சித்திரை மாதத்தில் நம் ஊர் ஓட்டுக் கட்டடத்தின் அறை வெப்பம் காய்ச்சல்காரன் உடம்பைவிட அதிகம்! குளிர்நாட்டில் பாதுகாப்பான அறை, இங்கே பெட்டியில்லாத அடைகாப்புப் பெட்டியாகிவிடும்.

எனவே இச்சோதனைக்கு நம் பக்கத்தில் உரிய காலம் மார்கழியும் தையுமே. அப்போதும் பகலில் சூடு ஏறினால், பெரிய மண்சட்டியில் மணலிட்டு நனைத்து, அதனுள் சிறிய பானையை வைத்து, தட்டுகளை அதில் வைத்து ஈரத்துணியால் மூடலாம். நீர் ஆவியாகும்போது சில பாகை குறையும். வெப்பமானி ஒன்றைக் கூடவே வைத்து, காலையும் மாலையும் எழுதிவைக்க வேண்டும். 30 பாகையைத் தாண்டினால் சோதனையை நிறுத்திவிடுவது என்று எங்கள் துறையில் முடிவு செய்தோம். குறைந்த வெப்பத்தில் மெதுவாக வளரும். இரண்டு நாள் ஆவது மூன்று நாளாகும். ஆகட்டுமே.

ஆட்டோகிளேவ் இல்லாத பள்ளி என்ன செய்வது என்று கேட்கலாம். பிரஷர் குக்கர் இருக்கிறதே. 1679இல் டெனிஸ் பாப்பின் செய்த நீராவிச் சட்டியிலிருந்துதான் இரண்டும் பிறந்தன. 1879இல் பாஸ்டரின் உதவியாளர் சேம்பர்லாண்டு ஆட்டோகிளேவை உருவாக்கினார். சாதாரணக் கொதிநீரின் 100 பாகையில் வித்துருக்கள் சாவதில்லை. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 பாகையை எட்டும். அதில் 15 நிமிடம் இருந்தால் வித்துருவும் பிழைக்காது. பெரும்பாலான குக்கர்களின் வெயிட் ஏறத்தாழ இந்த அழுத்தத்துக்கே செய்யப்பட்டது. ஆனால் சாதம் வைப்பதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. மூடியவுடன் வெயிட் போடக் கூடாது. துவாரத்தின் வழியே ஆவி தாரையாகச் சீறும்வரை பொறுத்து, பிறகும் ஐந்து நிமிடம் விட்டு, உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறியபின் போட வேண்டும். காற்று கலந்த ஆவிக்கு அழுத்தம் இருக்கும், அதற்குரிய சூடு இராது. முதல் விசிலுக்குப்பின் தீயைக் குறைத்து, அப்போதிருந்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். புட்டி மூடிகளைத் தளர்வாக வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றினால் உள்ளே அகார் பொங்கிப் புட்டி வெடிக்கும், தானாக ஆறவேண்டும். இதற்கென ஒரு குக்கரை ஒதுக்கிவிட்டால் அதைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்புவதற்கில்லை.

மற்றவை கைப்பழக்கம். மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். கலப்பற்ற ஆல்கஹால் இன்னும் வலிமையானதென்று எண்ண வேண்டாம். நீர் கலந்தால்தான் புரதத்தை நன்கு சிதைக்கும். துடைத்தது உலர்ந்தபிறகே விளக்கை ஏற்ற வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வளையத்தைத் தீயில் திடுமென நுழைத்தால் ஒட்டியிருப்பது தெறிக்கும். கம்பியின் பின்பகுதியிலிருந்து மெல்ல நகர்த்த வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் அன்றோடு ஒழிய வேண்டும். நகம் கடிப்பது, பேனா கடிப்பது, மேசைமேல் டிபன் பெட்டி வைப்பது இவை கூடா என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் நாம் விட்டாக வேண்டும்!

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்போருக்காக ஒரு நிகழ்ச்சி. 2010 ஆகஸ்டுக்கும் 2011 ஜூனுக்கும் இடையில் அமெரிக்காவில் 38 மாநிலங்களில் 109 பேர் ஒரே வகை சால்மொனெல்லாவால் வயிற்றுநோய் கண்டனர், ஒருவர் இறந்தார். கெட்ட உணவு எதுவும் அகப்படவில்லை. விசாரித்துப் பார்த்ததில் நோயுற்றோரில் பலர் நுண்ணுயிரியல் மாணவர்கள், அல்லது ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவோர். செய்முறை வகுப்புக்கென விற்கப்படும் கிருமியும் நோயாளிகளிடம் கண்ட கிருமியும் ஒன்றாகவே இருந்தன. இதில் என்னை உறுத்தியது வேறு. நோயுற்றவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் காலெடுத்து வைத்ததே இல்லை. அங்கே படிப்பவரின் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். பையிலும் பேனாவிலும் நோட்டிலும் கையிலும் ஏறிக் கிருமி வீட்டுக்கு வந்துவிட்டது. 2012இல் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் பயிற்றுக்கூடங்களுக்கென்றே விதிமுறைகள் வகுத்தது. ஆயினும் 2014இலும் 2017இலும் இதே போன்று மீண்டும் நேர்ந்தது.

தட்டை வளர்த்தவனுக்கு அதில் கிருமி இருப்பது தெரியும். அவன் எச்சரிக்கையாக இருப்பான். தெரியாதவர் கைக்குப் போகும்போதுதான் உண்மையான ஆபத்து. பாதுகாப்பு என்று கையுறையையும் வெள்ளைக் கோட்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர், சோதனை முடிந்தபின் தட்டு எங்கே போகிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அங்கேதான் தொடங்குவேன்.

என் அம்மா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். “ஏன் பாப்பா, ஊர்ல இருக்கிற கிருமி பத்தாதுன்னு நீங்க வளர்க்க வேற செய்யிறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு தட்டின் படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “உடைஞ்ச கண்ணாடின்னா கிழிக்கும்னு பாத்தா தெரியும். இது மூடி போட்ட டப்பா. நல்லா இருக்கேன்னு எடுத்துத் தொறந்துதான் பாப்போம்” என்றார். ஊசியும் பஞ்சும் கலந்த குப்பையைச் சாதாரணத் தொட்டியில் கொட்டிவிடும் சிறு மருத்துவக் கூடம் ஒன்று அவர் தெருவில் இருக்கிறது. அவர் கையில் இரண்டு முறை ஊசி ஏறியிருக்கிறது. இத்தகைய கழிவுக்கென 1998இலும் பிறகு 2016இலும் மைய அரசு விதிகள் வகுத்துள்ளது. அவற்றின்படி ஆய்வுக்கூடக் கிருமி வளர்ப்புகளை வெளியே அனுப்புமுன் அங்கேயே கொல்ல வேண்டும். பள்ளியில் நாம் வளர்ப்பது சிறிதளவேயானாலும் அந்த முறையே நமக்கும் சரி.

எனவே, வளர்ந்த தட்டுகள் ஒட்டுநாடாவோடு, திறக்காமலே, குக்கருக்குள் போக வேண்டும். ஊடகத்துக்கு 15 நிமிடம் போதும். இதற்கு அரை மணி நேரம் வைக்கலாம், தடித்த அகாருக்குள் சூடு இறங்க நேரமாகும். பிளாஸ்டிக் தட்டானால் உருகி ஒட்டும். தகர டப்பாவில் அடுக்கி வைக்க வேண்டும். குக்கரே இல்லாவிட்டால் சோதனையைச் செய்யாதிருப்பதே நல்லது. குளோரின் கரைசல் மேசைக்கும் சிந்தியதற்கும். கடையில் விற்கும் 4-5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து அன்றன்றே கலக்க வேண்டும், நேற்றையது நம்பத்தக்கதன்று. அதை அமிலத்தோடோ ஆல்கஹாலோடோ சேர்க்கக் கூடாது. குக்கருக்குள்ளும் ஊற்றக் கூடாது, நச்சுவாயு எழும்.

வரும் மார்கழியில் அப்பள்ளிக்கு நாங்கள் எடுத்துச்செல்லப் போவது பதின்மூன்று கண்ணாடித் தட்டுகள். தயிருக்கு நான்கு, தக்கைப்பூண்டு முண்டுக்கு நான்கு, கழுவிய விரலுக்கும் கழுவாத விரலுக்கும் இரண்டிரண்டு. பதின்மூன்றாவது தட்டில் எதுவும் தூவ மாட்டோம். அதில் ஏதேனும் முளைத்தால் எங்கள் குக்கர் வேலை சரியில்லை என்று பொருள்; மற்றப் பன்னிரண்டையும் நம்ப முடியாது. பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லி, அத்தட்டைக் காவல் காக்கும் பொறுப்பை அவர்களிடமே விடுவதாக எண்ணம்.

தட்டுகளை வேகவைத்துக் கழுவுவதை நாங்களே செய்வோம். பள்ளியைப் பெருக்க வரும் அம்மாவிடம் ஒன்றும் போகாது. உருகிய அகாரைச் சூடாக இருக்கும்போதே தட்டிலிருந்து வழித்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் இறங்கி உறைந்து அடைத்துக்கொள்ளும். பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் ஊற்றி மண்ணைத் தள்ளிவிட்டால் வேலை தீர்ந்தது.